குளத்தில் இறங்குகிறவர்கள் கவனத்துக்கு

இது எனக்கு நடந்ததில்லை. பிரம்மசக்தி சொல்லித்தான் தெரியும். நானும் அவளும் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று வருடம் ஒரே ரயிலில் கல்லூரிக்குப் போய் வந்தவர்கள். இரண்டு பேர் வீட்டிலும் எங்களுக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, அதனால் எதையும் இரண்டு தடவை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். இப்போது அவள் ஊரிலேயே ஒரு டிராவல்ஸில் வேலை பார்க்கிறாள். அந்த அலுவலகத்துக்குள் நான் போனதில்லை, அவள் திட்டம் போட்ட மலையையும் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம் முழுக்கத் தன் தலைக்குள் ஓடியதை என்னிடம் சொன்னாள். வரிசையாகச் சொல்லவில்லை, நானும் வரிசைப்படுத்தவில்லை. ஆட்களின் பெயரையும் மலை ஊரின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இனி 'நான்' என்று வருவது அவள்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்தில் இறங்கக் கூடாது. இதை முதல் வரியாகப் போடுவதா, நடுவில் எங்காவது நுழைத்துவிடுவதா. முதல் வரியாகப் போட்டால், சுற்றுலா கிளம்புகிற காலனியின் சங்கத் தலைவர் தெய்வநாயகம் சார் இரண்டாவது வரிக்குப் போகவே மாட்டார், அங்கேயே போனை எடுத்துவிடுவார். நடுவில் போட்டால் யாருமே படிக்க மாட்டார்கள், மலைமேல் பர்நாலிக்குப் போய் அந்தக் குளிரில் தலையில் எண்ணெய் வழிய நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வார்கள். எப்படிப் போட்டாலும் போன் எனக்குத்தான். இன்று சாயங்காலத்துக்குள் விதிமுறைகளைக் காலனிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாக வேண்டும் என்று அருமைநாதன் அண்ணாச்சி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சிதான் முதலாளி. எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்து காராச்சேவு தின்றுகொண்டிருக்கிறார், கடிக்கிற ஒவ்வொரு சத்தமும் என் முதுகில் விழுகிறது. "எம்மா பிரமு, ரூல்ஸ் போட்டுட்டியா? அதப் பாத்தாத்தான் அவங்க பெட்டி கட்டுவாங்க." "போடுதேன் அண்ணாச்சி." போடுதேன், போடுதேன். இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வறண்டுவிட்டது. ஒரு வாரப் பயணம், டெல்லி, சிம்லா அந்தப் பக்கமெல்லாம். அதில் ஒரே ஒரு நாள் காலியாக இருந்தது. காலியாக இருந்த நாளைக் காலியாகவே விட்டிருந்தால் என்ன, கடைத்தெருவில் ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு திரிந்திருப்பார்கள். நான்தான் தேடித் தேடிப் பர்நாலியைக் கண்டுபிடித்தேன். தங்கும் ஊரிலிருந்து ஜீப்பில் மேலே போய்க் கொஞ்ச தூரம் நடந்தால் பாறைக்குள்ளிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வருகிறது, பக்கத்தில் சின்னதாக ஒரு கோயில், அந்தத் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து ஆண்களுக்கு ஒரு குளம், பெண்களுக்கு ஒரு குளம், கூடவே வழிகாட்டி, போன அன்றே திரும்பிவிடலாம். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் படித்தவள் என்று சொல்லிக்கொள்ளலாம். நோட்டீசில் கொட்டை எழுத்தில் 'பனிமலையில் எண்ணெய்க் குளியல்' என்று போட்டேனே, எந்தப் புத்தி போடச் சொன்னது? எங்கள் வீட்டில் வெந்நீர் என்றால் எண்ணெய்தான். சளி காய்ச்சல் வந்தால் ஒழிய மற்ற நாளில் யார் விறகை எரித்துத் தண்ணீர் காயவைப்பார்கள்? வெள்ளிக்கிழமை அடுப்பில் அண்டா ஏறுகிறது என்றால் உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாயிற்று என்று அர்த்தம். வெந்நீரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் விரல் தானாக எண்ணெயை எழுதிவிட்டது. அதைவிட எரிச்சல், கதிர்வேல் நகர் காலனியில் ஒருத்தர்கூட அதெப்படி மலைமேல் எண்ணெய் என்று கேட்கவில்லை. இன்ஜினியர்கள், வாத்தியார்கள், பேங்க் மேனேஜர். எல்லாருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் சேர்ந்தார்களாம்.

லோக்பகதூர்தான் முதலில் கேட்டார், அதுவும் இன்று மத்தியானம், நான் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில். அவர்தான் வழிகாட்டி. நேபாளத்துக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு இப்போது மலையில் தமிழ்க் குழுக்களைக் கூட்டிப்போகிறார். "ஏனுங் மேடம், உங்க நோட்டீசு போட்டோ வந்துச்சுங். எண்ணெய்ன்னு போட்டிருக்குதுங்." "ஆமாண்ணா." "எந்த எண்ணெய்ங்?" "நல்லெண்ணெய்." "தலைக்குங்களா?" "தலைக்கும் உடம்புக்கும்." "அது சாமிக் குளமுங் மேடம். சோப்பே போட உடமாட்டாங். ஊத்துல அரிசியக் கட்டி வுட்டா சோறாயிருமுங். நீங்க எண்ணெயோட இருவத்தஞ்சு பேர எறக்குனா ஊர்க்காரங்க என்னயக் கட்டி வுட்ருவாங்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் தெய்வநாயகம் சார் ஏற்கனவே ஐந்து லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிவிட்டார். "செக்குல நின்னு ஆட்டி வாங்கிருக்கேம்மா, கடையில வாங்குறது கலப்படம்." அவர் மின்சார வாரியத்தில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த வேலையிலும் நின்று பார்க்காமல் இருக்கமாட்டார். போன வாரம் நான் பர்நாலிக்கு வெள்ளிக்கிழமை என்று போட்டதற்கு இப்படித்தான் போன் வந்தது. "வெள்ளிக்கிழமை ஆம்பிளை எண்ணெய் தேய்ப்பானாம்மா? உங்க வீட்டுல வழக்கம் உண்டா? சனிக்கிழமைக்கு மாத்து." ஜீப்காரரிடம் பேசி, ஓட்டலில் பேசி, மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற சமையல்காரரிடம் பேசி, சனிக்கிழமைக்கு மாற்றினேன். மாற்றிக் கையை எடுப்பதற்குள் அவர் மனைவி சௌந்தரா ஆன்ட்டி. "சனிக்கிழமை பொம்பளைங்க தலைக்கு எண்ணெய் வைக்கறதா? யாரு கேட்டு மாத்தினீங்க?" உங்கள் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான். இதைச் சொல்ல முடியுமா? "பாக்கறேன் ஆன்ட்டி" என்றேன். கடைசியில் அவர்களே ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். பெண்கள் வெள்ளிக்கிழமை ராத்திரியே ஓட்டலில் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார்களாம், சனிக்கிழமை ஆண்களோடு வந்து குளிப்பார்களாம். அப்படியானால் வைத்தது வெள்ளிக் கணக்கு. ஓட்டல்காரரின் வெள்ளைத் தலையணை உறைகளை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி யார் எனக்குப் போன் செய்வார்கள் என்பதும் தெரியும். ஆனால் இதெல்லாம் ஒன்றுமில்லை. எண்ணெய் ஒன்றுமே இல்லை. எண்ணெயைப் பற்றி நான் இவ்வளவு யோசிப்பதே அடுத்த வரிக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் என்று எனக்கே தெரிகிறது, தெரிந்துகொண்டே மறுபடியும் எண்ணெய்க்குத்தான் போகிறேன். 'எண்ணெய், சோப்பு, சீயக்காய் அனுமதியில்லை.' போட்டாயிற்று. அடுத்து. 'செருப்பைக் கோயில் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.' அடுத்து. 'மாற்று உடை, துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும்.' அடுத்து.

அடுத்தது சௌந்தரா ஆன்ட்டி சொன்ன வரி. குழுவில் குரல் செய்தியாகவே போட்டிருந்தார், எல்லாரும் கேட்கிற மாதிரி. நான் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன், பிறகு ஒரு தடவை, பிறகு ஒரு தடவை. "பிரம்மசக்தி, ஆன்ட்டி பேசறேன். ஓப்பனா சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்க வேண்டாம். எல்லாரும் ஒரே தண்ணியில இறங்கப் போறோம். தோல் வியாதி இருக்கறவங்க இறங்கக் கூடாதுன்னு ரூல்ஸ்ல ஒரு வரி சேத்துடும்மா. நீச்சல் குளத்துல எல்லாம் எழுதிப் போட்டிருப்பான் பாரு, அந்த மாதிரி. நம்ம குரூப்ல அப்படி யாரும் இல்ல, இருந்தாலும் ஒரு சேஃப்டிக்கு." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நல்ல யோசனை மேடம். கரெக்ட். கைகூப்புகிற படம் ஒன்று. நம்ம குரூப்ல அப்படி யாரும் இல்ல. எங்கள் அம்மா இருக்கிறாள். அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு குழுவை முழுசாகச் சேர்த்துக் கொடுக்கிற ஆளுக்கு அதே பஸ்ஸில், அதே ரயிலில் ஒரு இடம் இலவசம். நான் சேர்த்த முதல் குழு இது. எனக்கு இங்கே அடுத்த குழு வேலை இருக்கிறது என்று அந்த இடத்தை அம்மாவுக்குக் கொடுத்தேன். அதைக் கேள்விப்பட்டு இதே சௌந்தரா ஆன்ட்டிதான், "அம்மாவை தாராளமா அனுப்பும்மா, எங்களுக்கும் ஒரு துணை" என்றார். நல்ல மனுஷிதான். அதுதான் இதில் ரொம்ப எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் இந்நேரம் எனக்கு வேலை முடிந்திருக்கும். அம்மாவை அவர் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, கோவில்பட்டி வெயிலிலும் அம்மா மணிக்கட்டு வரைக்கும் முழுக்கை ஜாக்கெட்தான் போடுவாள், சேலையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துச் செருகியிருப்பாள். தீப்பெட்டி ஆபீஸில் கூட வேலை செய்கிற அக்காக்கள் கேலி செய்வார்களாம், "என்ன சண்முகக்கனி, சினிமாக்காரி மாதிரி முழுக்கையிலயே வாரே?" அந்த அக்காக்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்கள். அங்கே டீ வரும்போது எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், அம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள், "எனக்குத் தனிக் கப்பு" என்று. அவளுக்கும் தெரிந்திருக்கும். எனக்காகத்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். இல்லை, உண்மையிலேயே தெரியாதோ? இதை ஒருநாளும் கேட்க முடியாது.

முழங்கையில், முழங்காலில், முதுகில், காதுக்குப் பின்னால். வெள்ளையாகப் பொறுக்குத் தட்டி உதிரும். காலையில் பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் அம்மா எழுந்து தானே பெருக்கிவிடுவாள், நானும் தம்பியும் கண் விழிப்பதற்குள். பெரியாஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், சித்த மருத்துவர் வெட்பாலைத் தைலம் கொடுத்தார். அந்தத் தைலம் வெயிலில் வைத்தால் ஊதாவாக மாறும், அம்மாவின் தலையணை, துண்டு, வீட்டுச் சுவர் எல்லாம் ஊதா. கொஞ்ச நாள் குறையும், திரும்ப வரும். திரும்ப வந்ததும் அம்மா வைத்தியரைத் திட்டமாட்டாள், "நான் கருவாடு தின்னுட்டேன், அதான்" என்பாள். நான் டெல்லியைச் சொன்னேன், சிம்லாவைச் சொன்னேன், பனியைச் சொன்னேன், எதற்கும் அசையவில்லை. "நான் எதுக்கு அங்க, பெரிய மனுசங்க நடுவுல? நீ போ." பர்நாலியைச் சொன்னபோதுதான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "கொதிக்குத தண்ணியா? மண்ணுக்குள்ள இருந்தா வருது?" "ஆமா." "கெந்தகம் கெடக்கும்லாட்டி அதுல? தோலுக்குக் கெந்தகம்தானே." வாழ்க்கை முழுக்கத் தீக்குச்சி அடுக்கியவள், கந்தகத்தை மட்டும் அவளுக்குத் தெரியும். "எம்புட்டு நேரம் கெடக்க விடுவாங்க?" அம்மா தானாக என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான். சேலை கேட்டதில்லை, போன் கேட்டதில்லை, நான் முதல் சம்பளம் வாங்கிய அன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அரைக்கிலோ பூந்தி என்றாள். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் கிடக்கலாம், அது ஒன்றைத்தான் கேட்டாள். நான் நிறைய நேரம் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டுச் சொன்னேன்?

சரி, யோசிக்கலாம். ஒழுங்காக யோசிக்கலாம். சௌந்தரா ஆன்ட்டி கேட்பதில் நியாயம் இருக்கிறதா இல்லையா? ஒட்டுமா, ஒட்டாதா? நான் விலங்கியல் படித்தவள். நுண்ணுயிர்களுக்கென்று தனித் தாளே எழுதித் தேறியிருக்கிறேன், தவளையின் ரத்த ஓட்டத்தை இப்போது கேட்டாலும் படம் போடுவேன், என் அம்மாவின் முழங்கையில் இருப்பது ஒட்டுமா ஒட்டாதா என்று தெரியாது. போனை எடுத்து நாலு எழுத்துத் தட்டினால் தெரிந்துவிடும். தட்டமாட்டேன். ஒட்டும் என்று வந்துவிட்டால் ஆன்ட்டி சொன்னது சரி, பேப்பர் கப்பும் சரி, எல்லாரும் சரி. ஒட்டாது என்று வந்துவிட்டால், அப்படியானால் எப்படி வருகிறது, வழிவழியாக வருகிறதா, எனக்கு வருமா? குளிக்கும்போதெல்லாம் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நேற்று இடது முழங்கையில் ஒரு இடம் சொரசொரப்பாக இருந்தது. மேசை விளிம்பில் ஊன்றி ஊன்றி வந்ததுதான். இந்த மேசையின் விளிம்பு பெயர்ந்துதான் இருக்கிறது, அண்ணாச்சியிடம் சொல்லி ஒட்டச் சொல்ல வேண்டும். இதோ இப்போதும் ஊன்றிக்கொண்டுதான் இருக்கிறேன். கையை எடுத்தேன். மறுபடி ஊன்றினேன். மேசைதான். மேசையாகத்தான் இருக்கும். சரி, லோக்பகதூரைக் கேட்டுவிடலாம், அண்ணா, அந்தக் குளத்தில் தோல் நோய்க்காரர்கள் இறங்கலாமா? உடனே அவர், யாருக்குங் மேடம் என்பார். யாருக்கும் இல்லை, சும்மா கேட்டேன் என்பேன். என் குரலிலேயே தெரிந்துவிடும், பொய் சொல்லும்போது எனக்குக் குரல் ஒரு படி மேலே போகும், ரயிலில் சீசன் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்த அன்று டிக்கெட் பரிசோதகர்கூட அதைச் சொல்லிச் சிரித்தார். இறங்கக் கூடாதுங் மேடம் என்று அவர் சொல்லிவிட்டால் பிறகு நான் தெரிந்தே அனுப்புகிறவள் ஆகிவிடுவேன். தெரியாமல் அனுப்புவதற்கும் தெரிந்து அனுப்புவதற்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன், மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டு.

"எம்மா, இன்னுமா?" "முடியப் போவுது அண்ணாச்சி." "எண்ணெய் கூடாதுன்னு போட்டியா?" "போட்டுட்டேன்." "தெய்வநாயகம் சார் கத்துவாரே." "கத்துவாரு." "அந்த எண்ணெயில அங்க போய் வடை சுடச் சொல்லு." அவரே சிரித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் வடைதான். வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். வரியைப் போட்டுவிடுவது, அம்மாவிடம் அந்த ஊர் விதியே அப்படித்தானாம் என்று சொல்லிவிடுவது. அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், சரிட்டி என்பாள், ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு எல்லார் செருப்புக்கும் காவல் இருப்பாள், ஈரத் துணியை வாங்கிப் பிழிந்துகூடக் கொடுப்பாள். அல்லது, லோக்பகதூரிடம் சொல்லி ஒரு வாளித் தண்ணீர் தனியாகப் பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். வாளி. நல்ல யோசனை. பாறைக்குப் பின்னால் மறைவாக நின்று மக்கில் மோந்து ஊற்றிக்கொள்ளலாம், யாருக்கும் தொந்தரவில்லை, அவளுக்கும் தண்ணீர் கிடைத்த மாதிரி. நாடு முழுக்கத் தாண்டிப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளி. சிவப்பு வாளியாக இருக்கும், ஓட்டல்காரரிடம் இரவல் வாங்கியது, அதையும் அம்மா குளித்த பிறகு ஓட்டல்காரர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இதை நான்தான் யோசிக்கிறேன். சௌந்தரா ஆன்ட்டி சொல்லவில்லை, தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்கள் சொல்லவில்லை, யாரும் சொல்லாமல் நானாக என் அம்மாவுக்கு ஒரு தனி வாளி வைத்துவிட்டேன். இல்லையென்றால் வரியைப் போடாமல் விட்டுவிடலாம். ஆன்ட்டி மறக்கமாட்டார், எங்கேம்மா அந்த வரி என்று குழுவிலேயே கேட்பார். அப்போது? விட்டுப்போச்சு ஆன்ட்டி என்று சேர்ப்பேன். அல்லது, அந்த ஊரில் அப்படி விதி இல்லை ஆன்ட்டி என்று சொல்லலாம். இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? கேட்டேனா? கேட்காமல் எப்படிச் சொல்வது? இப்படித்தான் போன மாதம் முழுக்க ஒவ்வொன்றும், சரியாகச் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்ல வேண்டும் என்று. எண்ணெய்க் குளியல் என்று போட்டபோது இந்தக் கவனமெல்லாம் எங்கே போயிருந்தது?

அம்மாவே கூப்பிடுகிறாள். எடுக்கலாமா? எடுக்காவிட்டால் இரண்டு தடவை, மூன்று தடவை அடிப்பாள், பிறகு பக்கத்து வீட்டு டெய்லர் பிள்ளையின் போனிலிருந்து அடிப்பாள். "என்னம்மா?" "சோலியா இருக்கியாட்டி?" "சோலியாத்தான் இருக்கேன், சொல்லு." "ஒண்ணுமில்ல. டெய்லர் பிள்ளைக்கிட்ட ரெண்டு ஜாக்கெட்டு குடுத்தேன், ஊருக்குப் போறதுக்கு." "சரி." "கை எம்புட்டு வைக்கன்னு கேட்டா." "ம்." "அரைக்கை வையின்னுட்டேன்." கம்ப்யூட்டரில் மூன்றாவது வரிக்குக் கீழே கோடு மினுக்மினுக்கென்று நிற்கிறது. "இருக்கியாட்டி?" "இருக்கேன்." "குளிச்சிட்டு ஏறி வந்து போட்டுக்கிடுவேன். அங்கன நம்மள யாருக்குத் தெரியும்?" "காலனிக்காரங்க கூட வாராங்கல்லாம்மா." "அவங்களுக்குந்தான் தெரியாதுல்லா நமக்கு முன்னால எப்படி இருந்துதுன்னு." இந்த அம்மாவை என்ன செய்வது? ஒரு தடவை குளித்தால் போய்விடும் என்று யார் சொன்னார்கள், நான் சொன்னேனா, நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நிறைய நேரம் கிடக்கலாம் என்றுதான் சொன்னேன். கோபம் கோபமாக வந்தது. பேப்பர் கப்பில் டீ குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், ஆசைப்படாமல் இருந்தாளே அது எவ்வளவு வசதியாக இருந்தது. அரைக்கையாம். என்ன கலர் என்று கேட்டேன், எனக்கே ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "ஒண்ணு பச்ச. ஒண்ணு அந்த அரக்கு." பிறகு அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை, இருந்தாலும். "ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது." "சொல்லு." "தண்ணிக்குள்ள எல்லாரும் ஒண்ணாப்போலயா எறங்கணும்?" "ஏன்?" "இல்ல, அவங்கல்லாம் குளிச்சி ஏறட்டும். நான் கடேசியா எறங்கிக்கிடுதேன்னு அந்த மேடத்துக்கிட்டச் சொல்லிரு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம். நீயாச் சொல்லுத மாதிரி." "கடைசியா எதுக்கு?" "சும்மாதான். அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா." "யாரும் எதுவும் சொன்னாங்களா?" "யாரு சொல்லப்போறா. நானாத்தான். நீ வேலையப் பாரு, வைக்கேன்."

வைத்துவிட்டாள். நானாத்தான் என்கிறாள். குழுவில் அவள் இல்லை, அவளிடம் இருப்பது பட்டன் போன், ஆன்ட்டி பேசியது அவள் காதில் விழ வழியே இல்லை. விழாமலே அவளுக்கு அந்த வரி தெரிந்திருக்கிறது. நான் இங்கே மத்தியானத்திலிருந்து எழுதி அழித்து எழுதி அழித்துக்கொண்டிருக்கிற வரியை அவள் எப்போதோ எழுதி வைத்துக்கொண்டு அதன்படியே நடந்து வருகிறாள், முழுக்கை, பாயைப் பெருக்குவது, கடைசியாக இறங்குவது. கடைசியாக இறங்கினால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? எல்லாரும் குளித்து, துவட்டி, துணி மாற்றி, தெய்வநாயகம் சார் சாப்பாட்டுக்கு நேரமாயிற்று என்று வெளியிலிருந்து சத்தம் போடுகிற நேரத்தில் அவள் காலை நனைத்திருப்பாள். இதோ வருதேன் சார் என்று ஏறிவிடுவாள். ஏறிவிட்டு என்னிடம் போனில், நல்லாக் கெடந்தேண்டி என்பாள். எனக்குத் தெரியும், இந்த வார்த்தைதான், இதே மாதிரிதான் சொல்வாள். மறுபடியும் காராச்சேவு. மறுபடியும் "எம்மா பிரமு." "அனுப்புதேன் அண்ணாச்சி, அனுப்பிட்டேன்னு வச்சுக்கோங்க." தட்டினேன். 'தோல் நோய் உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று ஒரு விதி சேர்க்கச் சொன்னீர்கள். அங்கே அப்படி ஒரு விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.' இது எதற்கு, இதை யார் கேட்டார்கள்? அழிக்கலாமா? உண்மைதானே, இருக்கட்டும். 'உங்களோடு வருகிற என் அம்மாவுக்குத் தோல் நோய் இருக்கிறது. பல வருடமாக இருக்கிறது. எனக்கோ என் தம்பிக்கோ வரவில்லை.' வரவில்லை என்று எழுதும்போது முழங்கை மேசையில் பட்டது, எடுத்துவிட்டு எழுதினேன். 'அம்மா பெண்கள் குளத்தில் இறங்குவார்கள். முதலில் இறங்குவார்கள். யாருக்காவது சங்கடம் இருந்தால் அம்மா ஏறிய பிறகு இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது.' படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. இந்த இலவச இடத்தை அண்ணாச்சி திரும்ப வாங்கிக்கொள்ளலாம், என்னையே நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லலாம். மூன்று பேர் விலகலாம், பத்துப் பேர் விலகலாம். காலனி முழுக்க அம்மாவுக்கு இன்னது என்று தெரிந்துவிடும், அதை அவளிடம் கேட்காமல் செய்கிறேன். இது எவ்வளவு பெரிய அத்துமீறல், இதை யோசித்தால் மறுபடியும் உட்கார்ந்துவிடுவேன், மறுபடியும் வாளிக்குப் போய்விடுவேன். அனுப்பு. அனுப்பிவிட்டேன். ஒரு டிக். இரண்டு டிக். நீலமாக மாறுகிறது. சௌந்தரா ஆன்ட்டி எழுதிக்கொண்டிருக்கிறார். நின்றுவிட்டது. மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணாடித் தடுப்புக்குள் அண்ணாச்சியின் போன் அடிக்கிறது.

இதைப் பிரம்மசக்தி என்னிடம் சொன்னபோது காலனிக்காரர்கள் இன்னும் கிளம்பவில்லை. யாரும் விலகவில்லை, ஆனால் குழுவில் யாரும் பேசவும் இல்லை, அண்ணாச்சி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் போட்டித் தேர்வு வந்தது, அவளுக்கு அடுத்தடுத்த குழுக்கள். அம்மாவைப் பற்றி அவளிடமே கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் அரைகுறையாகத் தெரிந்த ஒன்றை எழுதவும் மனம் ஒப்பவில்லை. முதலில் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டேன். நீங்கள் சொல்வது சொரியாசிஸாகத்தான் இருக்கும், அது தொட்டால் ஒட்டாது, ஒரே தண்ணீரில் குளித்தாலும் ஒட்டாது என்றார். அப்படி ஒரு குளியலில் போய்விடவும் செய்யாது, தண்ணீர் ரொம்பச் சூடாக இருந்தால் தோல் இன்னும் வறளத்தான் செய்யும் என்றும் சொன்னார். பிறகு பழைய நோட்டீசில் எண் பார்த்து லோக்பகதூரைக் கூப்பிட்டேன். அந்தக் குழுவா என்று உடனே சிரித்தார். பெண்கள் பக்கம் தன் மனைவிதான் நின்றாள், அவள் சொன்னதுதான் தனக்குத் தெரியும் என்றார். "அந்தம்மாதானுங் முதல்ல எறங்குனாங். மத்தவங்க சுவத்தோரமாத் துண்டப் போத்திட்டு நின்னுட்டாங், ஒருத்தரும் எறங்கலீங்." "அப்புறம்?" "அன்னிக்கு மேல பனி விழுந்துட்டு இருந்துச்சுங் மேடம். எவ்ளோ நேரம் நிக்க முடியுமுங்? அந்தம்மா ஏறறதுக்குள்ளயே ஒவ்வொருத்தரா எல்லாருமே எறங்கிட்டாங்."